லண்டன் – சிட்னி: சிங்கப்பூர் வழியா, பெர்த் வழியா, நேராகவா?

ஒரு உலக உருண்டையை எடுத்து, லண்டனில் நூலின் ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைச் சிட்னி வரை இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் ரஷ்யா, சீனா மீது வளைந்து போகும். அதன் நீளம் சுமார் 17,000 கி.மீ. எந்த வழியில் போனாலும் இதைவிடக் குறையாது.

சரி, நடுவில் இறங்கினால் எவ்வளவு கூடும்? லண்டனிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 10,880 கி.மீ., அங்கிருந்து சிட்னி 6,300. மொத்தம் 17,180. இவ்வளவு நீண்ட பயணத்தில் 200 கி.மீ.கூடக் கூடவில்லை. துபாய் வழியாகப் போனால் 500 கி.மீ. போல அதிகம். இவற்றில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் வழிதான் அதிகச் சுற்று: 14,500, அப்புறம் 3,280. கிட்டத்தட்ட 17,800 கி.மீ. ஆகிவிடும்.

ஆனால் கடிகாரம் வேறு கதை சொல்கிறது. சிங்கப்பூர் வழியில் சுமார் 13 மணி நேரமும் பிறகு எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் பறக்கிறோம். பெர்த் வழியில் 17 மணி நேரத்தை ஒட்டி ஒரு பயணம், பிறகு 4 மணி நேரம். கூட்டினால் இரண்டும் ஏறக்குறைய 21 மணி நேரம்தான். பெர்த்திலிருந்து சிட்னிக்குப் போகும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. அதே தூரத்தைத் திரும்பி வரும்போது சுமார் 5 மணி நேரம் ஆகும்.

ஆக, தூரத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பயணம் எந்த இடத்தில் உடைகிறது என்பதைப் பாருங்கள். 17 மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்தால் கணுக்கால் வீங்கி, கழற்றிய ஷூவுக்குள் கால் திரும்ப நுழையாது. 13 மணி நேரத்தில் இறங்கி, முகம் கழுவி, சாங்கி விமான நிலையத்தில் அரை மணி நேரம் நடந்துவிட்டு ஏறினால் மீதி தூரம் பாரமாகத் தெரியாது. வயதானவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால் நான் யோசிக்காமல் சிங்கப்பூரைத்தான் சொல்வேன். நன்றாகத் தூங்கக்கூடியவர்களுக்குப் பெர்த் வழியில் ஒரு வசதி உண்டு: நீண்ட பகுதி முதலிலேயே முடிந்து, இறங்கும்போதே ஆஸ்திரேலியாவில் இருப்பார்கள்.

நேர்ப் பயணம்? 2019 நவம்பரில் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் ஒரு போயிங் 787இல் ஐம்பது பேர் அளவில் மட்டும் ஏற்றி, லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நிற்காமல் 19 மணி 19 நிமிடத்தில் பறந்து காட்டியது. வழக்கமான சேவைக்காக 2022இல் ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்து, இருக்கைகளை 238ஆகக் குறைத்த வடிவம் அது. இறங்கி ஏறும் நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. அவசர வேலையாகப் போகிறவருக்கு அது பெரிய விஷயம். எனக்கென்றால் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தைவிட நடுவில் கிடைக்கும் நடை முக்கியம்.

டிக்கெட்டில் தெரியும் நேரத்தை அப்படியே கழித்துப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். திங்கள் இரவு 8.30க்கு ஏறி, புதன் காலை 6.30க்கு இறங்குவதாக இருக்கும். கழித்தால் 34 மணி நேரம்! ஜனவரியில் சிட்னி லண்டனைவிட 11 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் 23 மணி நேரம். அதில் 2 மணி நேரம் சிங்கப்பூரில் கழிந்தது.