நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32: இன்ஜினுக்கு முன் தகரத்தைப் பாருங்கள்

இந்தப் பழைய காரை வாங்கப் பார்க்க வருகிறவர்கள் நேராக பானட்டைத் திறந்து டர்போவைத் தேடுகிறார்கள். முதலில் டிக்கி விரிப்பைத் தூக்குங்கள். பேட்டரி அங்கேதான் இருக்கிறது. ஆசிட் கசிந்த இடமும், மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் இறுகிப்போய் மழைத்தண்ணீர் இறங்கிய இடமும் அடித்தகட்டை அரித்திருக்கும். அடுத்து முன் சஸ்பென்ஷன் டவரின் மேல்பகுதி, பின்சக்கர வளைவின் உள்விளிம்பு, ஜாக்கி வைக்கும் மடிப்பு. அந்த மடிப்பு நசுங்கி பெயின்ட் உரிந்திருந்தால் துரு உள்ளே ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜினைப் பிரித்துக் கட்டிவிடலாம். டவர் அரித்த பாடியை வெட்டி ஒட்டி நேராக்குவது அதைவிடப் பெரிய தலைவலி.

கையில் சின்ன காந்தம் ஒன்று இருக்கட்டும். பானட்டும் முன் ஃபெண்டர்கள் இரண்டும் அலுமினியம், காந்தம் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அடிபட்டபின் வேறு தகடு ஏறியிருக்கிறது. பின்சக்கர வளைவில் ஒட்டாமல் நழுவினால் உள்ளே பட்டி. சேசிஸ் எண் பிஎன்ஆர்32 என்றே தொடங்க வேண்டும்; எச்சிஆர்32 என்றிருந்தால் அது பின்சக்கரத்தில் மட்டும் ஓடும் ஜிடிஎஸ்-டி, ஜிடி-ஆர் வேஷம் போட்டது.

1989 ஆகஸ்டில் வந்து 1994 வரை ஓடிய மாடல். 2568 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, ஆறுக்கும் தனித்தனி த்ராட்டில். இந்த விசித்திரமான கொள்ளளவு குரூப் ஏ பந்தயக் கணக்கில் பிறந்தது. டர்போ வண்டிக்கு சிசியை 1.7-ஆல் பெருக்குவார்கள், விடை 4500-க்குள் அடங்க வேண்டும். ஜப்பான் டூரிங் கார் பந்தயத்தில் 1990 முதல் 1993 வரை நடந்த 29 போட்டியிலும் ஜெயித்தது இதுதான்.

காகிதத்தில் 280 பிஎஸ், எடை 1430 கிலோ, ஐந்து கியர். 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே சாதாரணக் கார்தான், கொஞ்சம் மந்தம்கூட. 4000 தாண்டினால் 8000 வரை ஒரே மூச்சில் ஏறும். நேர்ச்சாலையில் முழு இழுவையும் பின்சக்கரத்துக்குத்தான். பின்பக்கம் வழுக்கத் தொடங்கினால் ஹைட்ராலிக் கிளட்ச் அழுந்தி, பாதி வரை முன்சக்கரங்களுக்குப் போகும். நடு டேஷில் முன் டார்க் மீட்டர் என்று ஒரு முள் இருக்கிறது. ஈரச்சாலையில் வளைவை விட்டு வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அது துள்ளி எழும், கூடவே மூக்கு நேராகும். இன்றைய கார்களில்கூட இவ்வளவு நேர்மையாக நடப்பதைச் சொல்லிக்கொடுக்கும் அமைப்பு அரிது. உள்ளே பிளாஸ்டிக் சுமார்தான். பழைய பிரேக், மலைப்பாதையில் சீக்கிரம் சூடேறித் தளரும்.

சாவியைத் திருப்பியதும் 4டபிள்யூடி (நான்கு சக்கர இழுவை) விளக்கும், ஹைகாஸ் (பின்சக்கரத்தையும் திருப்பும் அமைப்பு) விளக்கும் எரிந்து, இன்ஜின் ஓடியபின் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். சுற்றளவு மாறினால் சக்கரம் சுழல்வதாக நினைத்து கம்ப்யூட்டர் வீணாக முன்னுக்கு இழுவையைத் தள்ளும். வேகத்தில் பின்பக்கம் தானாக அலைந்தால் ஹைகாஸின் பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. மாற்றலாம்; இல்லை, லாக் பார் என்ற பூட்டுக் கம்பி போட்டுப் பின்சக்கரத் திருப்பலையே நிறுத்திவிடலாம். இரண்டாவதில் இழப்பு பெரிதாக இல்லை.

இன்ஜினில் உண்மையான பலவீனம் ஆயில் பம்ப். ஆரம்பக்கால கிராங்க் ஷாஃப்ட்டில் பம்ப் பல்சக்கரத்தைப் பிடிக்கும் பட்டையான பகுதி குறுகல். ரெவ் லிமிட்டரில் திரும்பத் திரும்ப முட்டினால் அங்கே அடிவாங்கி பல்சக்கரம் வெடிக்கும், பிறகு பேரிங் மொத்தமும் போகும். அகலமான காலர் ஏற்றி, உறுதியான பல்சக்கரம் போடுவதே தீர்வு. முன் டிஃபரன்ஷியல் ஆயில் சம்ப்போடு சேர்ந்திருப்பதால் சம்ப்பை இறக்குவது எளிதல்ல. பெரும்பாலும் இன்ஜினையே வெளியே எடுப்பார்கள். எடுத்த கையோடு டைமிங் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், முன் சீல் எல்லாவற்றையும் மாற்றுங்கள். 1,00,000 கிமீக்கு ஒருமுறை பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையா, மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரம் செராமிக். பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு வால்வின் ஹோஸுக்குள் மஞ்சள் அடையாளமிட்ட ஒரு ரெஸ்ட்ரிக்டர் (துளையைக் குறுக்கும் சின்ன அடைப்பு) உண்டு. அதைப் பிடுங்கினால் பூஸ்ட் ஏறக்குறைய 1 பாருக்கு எகிறும். காசில்லாத டியூனிங் என்று பலரும் செய்தது இது. அந்த அழுத்தமும் சூடும் சேர்ந்தால் செராமிக் உடைந்து சிதறும். அதனால் ஹோஸ் கிளிப்பை நெகிழ்த்தி அது இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரஷன் பார்க்கும்போது சிலிண்டர்களுக்கிடையே சதுர செ.மீ.க்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஆறாவதைக் கவனியுங்கள், சூடு அதிகம் தாங்குவது அதுதான். சூடானபின் ஐட்லில் திணறினால் உடனே டர்போவைச் சந்தேகிக்காதீர்கள். ஏர் ஃப்ளோ மீட்டருக்குள் சால்டர் விரிசல் விட்டிருக்கும், அல்லது இக்னிஷன் காயிலுக்கு முதுமை.

1993-இல் வந்த வி-ஸ்பெக் என்ற உயர்வகை மாடலில் பிரெம்போ பிரேக்கும் 17 அங்குல சக்கரமும் உண்டு, பிரேக் குறை அதில் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. ஆனால் அதற்கு நிறைய கூடுதல் கொடுப்பதைவிட, துருவில்லாத சாதா மாடலை வாங்கி நல்ல பேடும் புது ஹோஸும் போடுவது மேல். ஹோஸ், வயரிங், பீடிங் போன்ற சிலவற்றை நிசானின் பழைய கார் பாகத் திட்டமான நிஸ்மோ ஹெரிடேஜ் மறுபடி தயாரிக்கிறது. எதையும் கழற்றுவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.