நாகர்கோவில் வானத்துக்கு ஏற்ற வடிகட்டி: ஆப்டோலாங் எல்-எக்ஸ்ட்ரீம்

நாகர்கோவில் நகருக்குள் வீட்டு மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, வண்ண கேமராவில் நெபுலா எனப்படும் விண்வெளி வாயு மேகங்களைப் படமெடுக்க விரும்புவோர் முதலில் எந்த வடிகட்டியை வாங்கலாம் என்று கேட்டால், இரண்டு குறுகிய அலைநீளப் பட்டைகளுக்கு மட்டும் வழிவிடும் இரட்டைக் குறும்பட்டை வடிகட்டியையே சொல்வேன். நான் பயன்படுத்துவது ஆப்டோலாங் எல்-எக்ஸ்ட்ரீம், 2 அங்குல அளவு. ஹைட்ரஜன் ஆல்ஃபா எனும் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளிக்கோடு விழும் 656.3 நானோமீட்டர் அலைநீளத்திலும், அயனியான ஆக்சிஜன் ஒளிரும் 500.7 நானோமீட்டரிலும் தலா 7 நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் வழிவிட்டு, எஞ்சிய ஒளியை இது ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது.

இவ்வளவு கண்டிப்பான வடிகட்டி தேவைப்படுவதற்குக் காரணம் தெருவிளக்குகளின் மாற்றம்தான். பழைய சோடியம் விளக்கு 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சளிலும், பாதரச விளக்கு 436, 546 போன்ற சில அலைநீளங்களிலும் தம் ஒளியின் பெரும்பகுதியை உமிழ்ந்ததால், அந்தப் பகுதிகளைத் தடுக்கும் அகலப்பட்டை வடிகட்டியே அன்று போதுமானதாக இருந்தது. வெள்ளை எல்இடி விளக்கோ 450 நானோமீட்டர் அருகே நீலத்தில் உச்சம் பெற்று, பச்சையிலிருந்து சிவப்பு வரை இடைவெளியின்றிப் பரவுகிறது. அதிலிருந்து தப்ப, நெபுலாவின் ஒளிக்கோடுகளை மட்டும் பொறுக்கி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. இது தெரிந்தும் விலை குறைவு என்பதற்காகப் பழைய வகையையே புதியவர்களுக்குப் பரிந்துரைக்கும் விற்பனையாளர்கள் இருப்பது வருத்தமளிக்கிறது.

மழை ஓய்ந்த பிப்ரவரி இரவுகளில் ரோசெட் நெபுலா நமக்கு ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலேயே கடந்து செல்கிறது. வடிகட்டியின்றி எடுத்த ஒரு நிமிடப் படம் முழுவதும் பழுப்புச் சாம்பல் படர்ந்து, நெபுலா இருக்கும் இடத்தை ஊகிக்கத்தான் முடிகிறது. வடிகட்டியுடன் எடுத்த ஐந்து நிமிடப் படத்தில் பின்னணி கறுப்பாகவே நிற்க, சிவப்பு இதழ்களும் அவற்றின் குறுக்கே ஓடும் கரிய தூசி இழைகளும் தனித்துத் தெரிகின்றன. நிலா வெளிச்சத்திலும் ஹைட்ரஜன் பட்டை பெருமளவு தாக்குப்பிடிக்கிறது. ஆக்சிஜன் பட்டைதான் சற்று வெளிறிவிடுகிறது.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு கொடையும் உண்டு. டெல்லியில் அடிவானத்தை உரசிச் செல்லும் ஈட்டா கரினே நெபுலா, இங்கே சுமார் 22 பாகை உயரம் வரை எழுகிறது. ஏப்ரல் தொடக்கத்தில் இரவு பத்து மணியளவில் முட்டம் போன்ற, தெற்கே கடல் மட்டுமே உள்ள கரையிலிருந்து எடுப்பது நல்லது. அந்தத் தாழ்ந்த உயரத்தில் கடற்காற்றின் ஈரமும் உப்பும் ஒளியைக் கணிசமாக விழுங்கும் என்பதால், கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

கேலக்ஸி எனப்படும் விண்மீன் மண்டலங்களையோ விண்மீன் ஒளியைப் பிரதிபலிக்கும் தூசியையோ எடுக்க விரும்புவோருக்கு இந்த வடிகட்டி உதவாது. ஆந்திரமீடாவும், கார்த்திகைக் கூட்டத்தைச் சூழ்ந்த நீலத் தூசியும் நமக்கு அனுப்புவது எல்லா நிறங்களிலும் பரவிய விண்மீன்களின் தொடர் நிறமாலை ஒளி; குறும்பட்டை அதில் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிடும். அவற்றுக்குப் பணம் செலவழிப்பதைவிட, பேச்சிப்பாறைப் பக்கம் இருண்ட இடம் தேடிச் சென்று வடிகட்டியின்றி எடுப்பதே மேல். எஃப்/2 போன்ற வேகமான ஒளியியல், அதாவது விட்டத்தோடு ஒப்பிட்டால் குவியத்தூரம் மிகக் குறைந்த தொலைநோக்கி, வைத்திருப்போரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: கதிர்கள் சாய்ந்து விழும்போது இவ்வகைப் பூச்சுகளின் பட்டை குறைந்த அலைநீளத்தை நோக்கி நகர்வதால், வேண்டிய கோடே வெளியே போய்விடலாம். நீண்ட திறப்பு நேரத்துக்கு ஈடுகொடுத்து வானத்தின் நகர்வைப் பின்தொடரும் துல்லியமான தொலைநோக்கித் தாங்கியும், அதைத் திருத்தி வழிகாட்டும் கேமராவும் இல்லாதவர்கள் முதலில் அவற்றை வாங்கட்டும்.

எந்த நிறுவனத்தின் குறும்பட்டை வடிகட்டியானாலும், வாங்கிய உடனே ஓரியன் இடைக்கச்சையின் பிரகாசமான விண்மீனான அல்நிடாக்கைப் படமெடுத்து, அதைச் சுற்றி ஒளிவளையம் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் திருப்பித் தரும் காலக்கெடுவுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். படமெடுத்து முடிந்ததும் பனி ஈரம் உலர்ந்த பிறகே பெட்டியில் வைத்து, உடன் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போட்டு மூடுங்கள்.