த்ரீடியோ ஃப்ரீ ஸ்பேஸ்: காதோரம் வரும் ஒலிக்கு ஏற்ற மைக்

கிசுகிசுப்பு, வருடல் போன்ற மெல்லிய ஒலிகளால் தலையிலும் கழுத்திலும் இதமான சிலிர்ப்பு ஊட்டும் ஏஎஸ்எம்ஆர் வீடியோக்களில், இரண்டு பக்கமும் சிலிக்கோன் காது ஒட்டிய சின்னப் பெட்டி ஒன்று அடிக்கடி கண்ணில் படும். அமெரிக்க நிறுவனமான த்ரீடியோவின் ஃப்ரீ ஸ்பேஸ் மைக் அது. விலை 400, 500 டாலர் அளவில். இறக்குமதி வரி தனி. வாங்கலாமா வேண்டாமா என்பது ஒரே கேள்வியில் முடிந்துவிடும்: எவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பதிவு செய்யப் போகிறீர்கள்?

இரண்டு காதுக்கும் நடுவே சுமார் 19 செ.மீ. ஒவ்வொரு காதுக்குழியிலும் ஒரு சிறு மைக். நடுவில் தலை கிடையாது. இடது காதிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு சீப்பின் பற்களை நகத்தால் மெல்ல வருடினால், அந்த ஒலி வலது மைக்கை எட்ட 24 செ.மீ. போகவேண்டும். தூரம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அளவில் 13, 14 டெசிபல் வித்தியாசம். கூடவே அரை மில்லிவிநாடிக்குச் சற்று அதிகமான தாமதம். அதே சீப்பை 1 மீட்டர் தள்ளி வருடினால் வித்தியாசம் வெறும் 1.5 டெசிபல். கனத்த ஒலி, கீச்சொலி எல்லாவற்றிலும் ஒரேபோல இவ்வளவு பெரிய வித்தியாசம் வருவது, நிஜத்தில் யாராவது நம் காதோரம் குனிந்தால் மட்டும்தான். மூளை அதை ‘பக்கத்தில் ஆள்’ என்றே எடுத்துக்கொள்கிறது. இந்த மைக்கில் நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த வித்தியாசத்தைத்தான்.

அந்த நெருக்கத்துக்கு என்ன மதிப்பு என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. ஸ்வான்சி பல்கலைக்கழகத்தின் பாரட், டேவிஸ் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சிலிர்ப்பை உணரும் 475 பேரில் 75 சதவீதத்தினர் கிசுகிசுப்பையும், 69 சதவீதத்தினர் ஒருவர் தம்மை அருகிருந்து கவனித்துக்கொள்ளும் பாவனையையும், 64 சதவீதத்தினர் மொறுமொறுப்பான ஒலிகளையும் காரணமாகச் சொன்னார்கள். 2018-இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வில் இதை உணர்பவர்களின் இதயத் துடிப்பு நிமிடத்துக்குச் சராசரியாக 3 குறைந்தது. தோலின் மின்கடத்தல் மட்டும் கூடியது. உடல் தளர்கிறது, உள்ளே ஒரு கிளர்ச்சியும் இருக்கிறது. எல்லோருக்கும் இது வராது. சிலருக்கு இதே ஒலிகள் எரிச்சலைத்தான் தரும். அவர்களுக்கு எந்த மைக்கும் உதவாது.

9 வோல்ட் பேட்டரி, 3.5 மி.மீ. ஸ்டீரியோ வெளியீடு. ஃபோனில் நேராகச் செருகுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு: ஹெட்செட் துளை இடம், வலம் பிரிக்காமல் மோனோவாகத்தான் பதிவு செய்யும், கொடுத்த காசு அங்கேயே போயிற்று. ஸ்டீரியோ உள்ளீடு உள்ள தனி ரெக்கார்டரோ கேமராவோ கட்டாயம் வேண்டும். ரெக்கார்டரில் பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். கேமராவில் செருகினால் தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பேச்சின் இடைவெளிகளில் ‘உஸ்ஸ்’ என்று இரைச்சல் ஏறி இறங்கும். மைக்கின் சொந்த இரைச்சல் குறைவுதான். மலிவான ரெக்கார்டரின் உள்ளீடுதான் பெரும்பாலும் கெடுக்கும்.

மின்விசிறியை நிறுத்தாமல் பதிவு செய்துவிட்டு, பிறகு மென்பொருளில் இரைச்சலை நீக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கிசுகிசுக்கும்போது குரல்நாண் அதிர்வதில்லை. வெறும் காற்றுச் சலசலப்புதான். இரைச்சல் நீக்கும் கருவிக்கு விசிறிக் காற்றும் கிசுகிசுப்பும் ஒன்றுபோலவே தெரியும், இரண்டையும் சேர்த்து அரித்துவிடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேயுள்ள கனத்த ஒலியை வெட்டுவது மட்டும் ஆபத்தில்லாதது.

காதுக்குழிக்கு நேராகப் பேசினால் மூச்சு மோதி ‘டப்’ என்று வெடிக்கும். வாயைக் குழியிலிருந்து 45 பாகை விலக்கி, 5 முதல் 10 செ.மீ. தள்ளி வையுங்கள். ‘ஸ’, ‘ச’ ஒலிகள் கூர்மையாகக் குத்துவதும் உண்டு. சிலிக்கோன் காதுமடல் 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்தை ஏற்கெனவே உயர்த்திவிடுகிறது. கேட்பவரின் காதும் பல ஹெட்ஃபோன்களும் அதே இடத்தை மறுபடி உயர்த்துகின்றன. அங்கே 3 டெசிபல் குறைத்தால் சரியாகும். காது வருடும் காட்சிக்கு எண்ணெய் பூசுகிறவர்கள் குழிக்குள் ஒரு சொட்டுகூட இறங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

மழை, கோயில் மணி, கச்சேரி என்று தள்ளியிருக்கும் ஒலிகளுக்கு இதை வாங்குவது வீண். நடுவில் தலை இல்லாததால் தலையின் ஒலிநிழலும் இல்லை, அதாவது மறுபக்கக் காதுக்குப் போகும் ஒலியைத் தலை மறைத்துக் குறைப்பதில்லை. ஒலி எந்தப் பக்கம் என்பது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அதற்கு 1992-இல் வந்த நியூமன் கேயூ 100 போன்ற முழுத்தலை மைக் வேண்டும், விலை பல மடங்கு. காதோரக் கிசுகிசுப்புக்கு அது தேவையே இல்லை.

கேட்பவரிடம் ஹெட்ஃபோன் இருக்கவேண்டும். ஸ்பீக்கரில் இரு பக்கமும் கலந்து நெருக்கம் கரைந்துவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் இடது காதை ஒருமுறை, வலது காதை இருமுறை தட்டிக் கேட்டுப் பாருங்கள். இடம் வலம் மாறியிருந்தால் படத்தில் கை ஒரு பக்கம், ஒலி மறு பக்கம் என்று ஆகிவிடும்.