கல்லூரியா, பட்டறையா? மண் பிடிக்க ஆசைப்படும் சேலத்துப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ முடித்த பிள்ளை செராமிக், அதாவது மண்ணில் வனைந்து சுடும் கலை, படிக்கிறேன் என்றால், சேலத்துக்காரர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. இன்னொன்று, புதுச்சேரிப் பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்து பழகுவது.

கல்லூரியில் பட்டம் கிடைக்கும். ஆசிரியர் வேலைக்கு அது வேண்டும். வரைதலும் கலை வரலாறும் கூடவே வரும். 2018-இல் ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திராவில் முதல் இந்திய செராமிக் டிரையெனாலே என்ற பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே கிண்ணம், ஜாடியோடு நிற்காமல் இடத்தையே நிறைக்கும் பெரிய கலைப் படைப்புகளும் (நிறுவல்கள்) இடம்பெற்றன. அப்படி யோசிக்கக் கல்லூரி உதவும்.

ஆனால் கை பழகுவது பட்டறையில்தான். 1971-இல் புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையில் பழகிய பலர் பின்னால் சொந்தச் சூளை போட்டார்கள். சுழலும் சக்கரத்தின் நடுவில் மண்ணை ஆடாமல் நிறுத்தவே நாள் கணக்கில் உட்கார வேண்டும். அப்புறம் சூளை. ஸ்டோன்வேர் எனும் கெட்டியான மண்பாண்டம் வேக 1,200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சின்னத் துளை வழியே உள்ளே பார்த்து, சூட்டில் வளையும் சோதனைக் கூம்பு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கணித்துத் தீயைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இதைப் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும்.

பானை விற்றுப் பிழைக்க நினைப்பவர் முதலில் பட்டறைக்கே போகட்டும். நம்மூர் மேக்னசைட் கனிமம் உருக்காலை உலைகளுக்குச் செங்கல்லாகிறது. இங்கேயே ஸ்டுடியோ சூளைகளும் எரிய வேண்டும் என்பது என் ஆசை. ஏற்காட்டில் சுற்றுலா வருபவர்களுக்கு வார இறுதி வகுப்பு நடத்தினால் வாடகைக்காவது வழி கிடைக்கும்.