பெத்தானும் டி கோலும்
இருவருமே பிரெஞ்சுத் தளபதிகள், இருவருமே நாட்டை ஆண்டவர்கள். 1912-இல் டி கோல் இளம் அதிகாரியாகச் சேர்ந்த ரெஜிமென்டுக்குத் தலைவரே பெத்தான்தான். 1916 வெர்டன் போர் பெத்தானை நாயகனாக்கியது. டி கோலோ அங்கே காயம்பட்டு ஜெர்மானியரிடம் சிக்கினார்.

வழி பிரிந்தது 1940 ஜூனில், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றுக்கொண்டிருந்தபோது. 17-ஆம் தேதி, சண்டையை நிறுத்த வேண்டும் என்று வானொலியில் சொன்னார் புதிதாகப் பிரதமரான 84 வயது பெத்தான். மறுநாளே லண்டன் பிபிசியில், போர் முடியவில்லை என்றார் டி கோல். கையில் படையா, பணமா? வெறும் மைக்தான். (புதுச்சேரி அந்த ஆண்டே அவர் பக்கம் சேர்ந்துவிட்டது.) பெத்தானின் அரசு டி கோலுக்கு மரண தண்டனை விதித்தது. 1945-இல், ஜெர்மனியோடு ஒத்துழைத்த துரோகத்துக்காகப் பெத்தானுக்கும் அதே தீர்ப்பு வந்தபோது, ஆயுள் சிறையாகக் குறைத்தவர் டி கோல்!

அப்புறம் பதவியை விட்ட விதம். பெத்தானை 1944-இல் ஜெர்மானியர்களே தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதிபராக இருந்த டி கோல் 1969 பொது வாக்கெடுப்பில் தோற்றதும் தானே விலகினார். எனக்கு வானொலி உரையைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது.