மண்டபத்துக் கடல் அமீபா: கண்ணால் பார்ப்பதா, டி.என்.ஏ. படிப்பதா?

மண்டபத்தில் பாக் விரிகுடாப் பக்கம், கடற்புல் முளைத்த இடத்தில் ஒரு கரண்டி மண் அள்ளி அகார் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ் பூசிய தட்டு) போட்டேன். சில நாளில் அமீபாக்கள் ஊரத் தொடங்கின. இவை என்ன வகை? உயிரோடு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தும் சொல்லலாம், உயிர்களை இனம்காண உதவும் 18 எஸ் மரபணுவின் டி.என்.ஏ. வரிசையைப் படித்தும் சொல்லலாம். இரண்டையும் செய்து பார்த்தேன். என் ஓட்டு மைக்ரோஸ்கோப்புக்கு.

செலவில் எது மலிவு என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு முடிவைச் சொன்னது கல்ச்சரின், அதாவது தட்டில் வளர்க்கும் உயிர்க்கூட்டத்தின், சுத்தம். அமீபாவுக்குத் தின்ன பாக்டீரியா வேண்டும்; அதனால் தட்டு ஒருபோதும் தனிக்குடித்தனம் ஆகாது. டயாட்டம் என்ற நுண்பாசியும், சாட்டை போன்ற இழையால் நீந்தும் கசையிழை உயிரியும் சொல்லாமல் வந்து குடியேறிவிடும். கண்ணால் பார்ப்பவனுக்கு இது தொல்லையே இல்லை, வேண்டியதை மட்டும் பார்த்தால் போதும். விசிறி போல விரிந்து, முன்பாதி கண்ணாடியாகத் தெளிந்து நகர்ந்தால் வன்னெல்லா என்ற அமீபாப் பேரினம் என்று நினைக்கலாம். அதுவே தரையை விட்டு மிதக்கும்போது சுற்றிலும் கைகளை நீட்டினால் சந்தேகம் இன்னும் குறையும். உட்கருவை ஒட்டி இன்னொரு உருண்டை தெரிந்தால் பாராமீபா என்ற இன்னொரு பேரினம். அந்த உருண்டை உள்ளே குடியிருக்கும் வேறொரு உயிர்!

வரிசை படிக்கும் முன் டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறைக்கு இந்த விவரமெல்லாம் கிடையாது. கூட்டத்தில் எதன் டி.என்.ஏ. சுலபமாகப் பெருகுகிறதோ அதைப் பெருக்கித் தரும். நான் முதலில் அனுப்பியதற்கு வந்த வரிசை ஒரு கசையிழை உயிரியுடையது. அப்புறம் மெல்லிய பிப்பெட்டால் ஒற்றைச் செல்லை உறிஞ்சி, புதுத் தட்டில் விட்டு, பெருகியதும் மறுபடி பிரித்து என்று வாரக்கணக்கில் ஓடியது. நம்மூர் வெயிலில் அகார் காய்ந்து உப்பு ஏறிவிடும். தட்டின் ஓரத்தை மூடி ஒட்டாமல் விட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

ஆனால் கண்ணை முழுதாக நம்பவும் முடியாது. பிளாட்டியமீபா என்ற பேரினத்தையும் வன்னெல்லாவையும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் தெரியும் செல்லின் மேற்பூச்சை வைத்துத்தான் பிரித்திருந்தார்கள். மரபணு ஒப்பீட்டில் அந்தப் பிரிவினை நிற்கவில்லை. 2007-ல் இரண்டும் வன்னெல்லா என்ற ஒரே பேரினமாகின.

அதனால் பேரினம் வரை கண்ணால் பார்க்கிறேன். இனப் பெயர் வேண்டும் என்றால் மட்டும் ஒற்றைச் செல் கல்ச்சர் எடுத்து வரிசைக்கு அனுப்புகிறேன். பத்து மைக்ரோமீட்டருக்கும் சிறியவற்றில் எனக்குத் தடுமாற்றம்தான். பவளப்பாறையிலிருந்து எடுத்த மாதிரி எதையும் நான் சோதித்ததில்லை. பாறைகள் சூழ்ந்த மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும்.