பில்லில் புது டிஸ்க், சக்கரத்துக்குள் கடைசல் பிடித்த பழைய டிஸ்க்

பத்து வயது தாண்டிய கார் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். ஒரு பழைய ஆல்டோ. எழுபது கி.மீ. வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று உரிமையாளர் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறார். “டிஸ்க் வளைஞ்சிருச்சு சார், ரெண்டு டிஸ்க்கும் பேடும் மாத்தணும்” என்று சொல்லியிருக்கிறார்கள். (டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு, பேடு அதை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை.) கம்பெனி பெட்டியையும் காட்டியிருக்கிறார்கள். இரண்டு டிஸ்க், ஒரு செட் பேடு, பிரேக் ஆயில், லேபர் என்று பில் வந்தது. வண்டியை எடுத்தபோது நடுக்கம் இல்லை. சில மாதங்களில் அதே நடுக்கம் திரும்பி வந்தது, கூடவே இடது சக்கரத்தில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம்.

வேறு இடத்தில் சக்கரத்தைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. டிஸ்கின் நடுப்பகுதியில் வெள்ளி நிற ஸ்ப்ரே பெயிண்ட். தின்னர் தொட்ட துணியால் துடைத்தால் அடியில் பல வருடத் துரு. அதே பழைய டிஸ்கை லேத்தில் கடைசல் பிடித்து, பெயிண்ட் அடித்து, புதுசு என்று பில் போட்டிருக்கிறார்கள். இந்த வகை டிஸ்க் புதிதில் 10 மி.மீ. தடிமன், 8 மி.மீ.க்குக் கீழே போனால் தூக்கிப் போட வேண்டும். இதில் இருந்தது 7.6.

அந்த 0.4 மி.மீ.யைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் வேகத்தில் பெரும்பகுதி முன் டிஸ்குகளில் சூடாக இறங்குகிறது. பத்து 7.6 ஆனால் அந்தச் சூட்டைத் தாங்கும் இரும்பில் ஏறக்குறைய கால்வாசி போய்விட்டது. ஏற்காடு, கொல்லிமலை மாதிரி இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் டிஸ்க் சீக்கிரம் கொதித்து, சூடு பேடு வழியாக, அதைத் தள்ளும் பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் போகும். டாட் 3 வகைப் புது பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்தக் குறைந்தபட்சம் 140தான். ஆயில் கொதித்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. அந்த ஆல்டோவின் பில்லில் ஆயிலுக்குப் பணம் வாங்கியிருந்தார்கள். வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவில் இருந்தது கருப்பான பழைய ஆயில்.

நடுக்கம் ஏன் போய்விட்டுத் திரும்பி வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் அடுத்த முறை யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. டிஸ்க் வளைவது மிக அரிது. ஹப்பின் முகத்தில், அதாவது டிஸ்க் பொருந்தி உட்காரும் இடத்தில், துரு இருந்தால் டிஸ்க் சிறிது சாய்ந்து உட்காரும். ஹப்பில் இருக்கும் சாய்வு டிஸ்கின் விளிம்புக்குப் போகும்போது ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதாகும். பிரேக் மிதிக்காத நேரத்திலும் அந்த உயர்ந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடைத் தடவிப் போகும். சில ஆயிரம் கி.மீ. ஓடியதும் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். தடிமன் வித்தியாசம் 0.02 மி.மீ. ஆனாலே பெடலிலும் ஸ்டியரிங்கிலும் துடிப்பு தெரிய ஆரம்பிக்கும். கடைசல் பிடித்ததால் அந்த மெலிவு மறைந்தது. ஹப்பைச் சுத்தம் செய்யாததால் மறுபடி உருவானது. அசல் புது டிஸ்கே போட்டிருந்தாலும் துருவின் மேல் உட்கார வைத்திருந்தால் இதே கதைதான். சக்கர நட்டுகளை ஏர் கன்னால் கண்டபடி இறுக்கினாலும் இதே சாய்வு வரும். டார்க் ரெஞ்ச்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்), குறுக்கும் நெடுக்குமாக, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். சின்ன கார்களில் அது பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர்.

முதலில் கோளாறு முன்பக்கம்தானா என்று பாருங்கள். பிரேக் மிதிக்காமலே நடுங்கினால் அது டயர் அல்லது வீல் பேலன்சிங். ஆளில்லாத நேர்ச்சாலையில் நாற்பதில் போகும்போது ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மெல்ல இழுங்கள். அப்போது துடித்தால் பின் டிரம்தான் வட்டம் தப்பியிருக்கிறது, முன் டிஸ்க்கை மாற்றிப் பயனில்லை.

தடிமனை அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய டிஸ்கின் விளிம்பில் தேயாத மேடு நிற்கும். வெர்னியரை அப்படியே வைத்தால் மேட்டைத்தான் அளக்கும், “இன்னும் நல்லாருக்கு” என்று காட்டும். மைக்ரோமீட்டர்தான் சரி. அது இல்லையென்றால் வெர்னியருக்கும் டிஸ்குக்கும் நடுவில் இரு பக்கமும் ஒரே வகை நாணயம் ஒன்றை வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழியுங்கள். விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, சுற்றிலும் எட்டு இடத்தில் அளக்க வேண்டும். 0.02 வித்தியாசம் மைக்ரோமீட்டரில் மட்டுமே தெரியும். டிஸ்கை மாட்டியபின் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் கருவி) வைத்துச் சுற்றினால் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. 0.10க்கு மேல் போனால் கழற்றி ஹப்பை மறுபடி வயர் பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லுங்கள்.

பேடு விஷயத்துக்கு வருகிறேன். அந்த வண்டியில் இருந்த பேடில் பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை. தரமான பேடின் பின்தகட்டிலோ ஓரத்திலோ தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், பெரும்பாலும் ‘எஃப் எஃப்’ மாதிரி இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரண நிலையில் உராய்வு, இரண்டாவது சூட்டில். ஈ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. தினசரி ஓட்டத்துக்கு எஃப் எஃப் போதும். இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இருந்தால் சூடேறும்போது பிடிப்பு குறையும் என்று அர்த்தம், மலைப்பாதை போகிறவர்கள் தவிர்த்துவிடுங்கள். இந்த எழுத்து உராய்வை மட்டுமே சொல்லும். ஆயுளையோ, ஒட்டு விடாமல் நிற்குமா என்பதையோ சொல்லாது. அதற்குப் பெயருள்ள தயாரிப்புதான் துணை. நம் ஊரிலேயே தயாராகும் ரானே, டிவிஎஸ் கர்லிங் இருக்கும்போது பெயரில்லாத பேடை வாங்க எந்தக் காரணமும் இல்லை.

அந்த உரசல் சத்தத்துக்கு வருகிறேன். இடது உள்பேடு மட்டும் தகடுவரை தேய்ந்ததற்குக் காரணம் கேலிப்பர் பின், அதாவது பேடுகளைப் பிடித்திருக்கும் கவ்வி நகர்வதற்கான கம்பி. அதில் சாதாரண வீல் பேரிங் கிரீஸைத் தடவியிருந்தார்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிப் பின்னைப் பிடித்துக்கொள்ளும். பின் நகராவிட்டால் பிஸ்டன் பக்கத்துப் பேடு மட்டும் வேலை செய்து தேய்ந்து தீரும். பிரேக்குக்கென்று வரும் சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே போட வேண்டும். பேடு மாற்றும்போது பின்னைக் கையால் தள்ளி இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், தடையில்லாமல் நகர வேண்டும்.

டிஸ்கையும் பேடையும் நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது. பழைய மாடல்களில் ஒரே பெயரில் இரண்டு மூன்று அளவு டிஸ்க் உண்டு, எனவே சேஸிஸ் நம்பரைச் சொல்லிப் பார்ட் நம்பர் எடுங்கள். புது டிஸ்கைப் பழையதோடு வைத்து விட்டம், மொத்த உயரம், நடு ஓட்டை, நட்டு ஓட்டை நான்கையும் ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். புது டிஸ்கில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், பிரேக் கிளீனரால் துடைக்காமல் மாட்டினால் புதுப் பேடும் வீண். ஓட்டை போட்ட, கோடு வெட்டிய மலிவு டிஸ்குகள் வேண்டாம், ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். மாட்டியபின் ஐம்பதிலிருந்து பத்துவரை மிதமாக, நடுவில் ஆறவிட்டு, இருபது முப்பது முறை பிரேக் பிடித்துப் பழக்குங்கள். சூடாக இருக்கும்போது மிதித்தபடி நிற்காதீர்கள்.

வேலைக்கு விடும்போதே “பழைய டிஸ்க், பேடு, பெட்டி எல்லாம் டிக்கியில் வைங்க” என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். பில்லில் பார்ட் நம்பர் இருக்க வேண்டும். ஏமாந்துவிட்டால் அளவுக்கருவியோடு சேர்த்துப் படம் எடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அதுவரை அந்த டிஸ்கைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.